நிறம் போயிற்று, உப்பு நின்றது

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலருகே தவழ்ந்து, கிழக்கு நோக்கி ஓடிக் கரூர்ச் சீமையில் காவிரியோடு சங்கமமாகும் நொய்யலுக்குக் காஞ்சி நதி என்றொரு பழம்பெயர் உண்டு. அதன் கரையிலுள்ள கொடுமணலில் பண்டைக்காலத்து மக்கள் இரும்பை உருக்கியும் கல்மணிகளைப் பட்டை தீட்டியும் ஜீவனம் செய்ததை அகழாய்வுகள் நிரூபித்திருக்கின்றன. ஆகவே இவ்வாற்றங்கரைக்குத் தொழில் புதியதன்று. ஆயினும், ஓடும் ஜலத்தின் நிறத்தைக்கொண்டே அன்று பட்டறையில் என்ன வர்ணம் ஏறுகிறதென்று சொல்லிவிடக்கூடிய நிலையை, திருப்பூரின் சாயத்தொழிலைத் தவிர வேறெந்தத் தொழிலும் அதற்கு உண்டாக்கியதில்லை.

வெள்ளைப் பனியன் பின்னி உள்நாட்டில் விற்றுவந்த காலத்தில் அவ்வூருக்குச் சலவைப்பட்டறைகளே பிரதானமாயிருந்தன. 1980களில் ஏற்றுமதி விருத்தியடைந்து, அயல்நாட்டார் கேட்ட வர்ணங்களிலெல்லாம் துணி அனுப்ப வேண்டி வந்தபோது சாயப்பட்டறைகள் பெருகின. அவற்றில் கையாளப்பட்ட, 1956-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள், பஞ்சின் இழையோடு ரசாயன பந்தம் கொண்டு ஒன்றிவிடுபவை. அதனால் துவைத்தாலும் வெளுக்காதவை. ஆனால் சாயமும் நனைந்த பஞ்சும் ஒரேவகை மின்னேற்றமுடையவையாதலால், தாமாகக் கூட மறுக்கும் அவ்விரண்டையும் சேர்த்துவைக்க உப்பு வேண்டும்; அடர்ந்த வர்ணத்துக்கு ஒரு லிட்டர் ஜலத்தில் 80 கிராம்கூடக் கரைப்பதுண்டு. சாயத்தில் கணிசமான பங்கு ஜலத்தோடு கூடி வீணாகிக் கழிவில் போகும். உப்போ துணியில் துளியும் தங்காமல் முழுவதும் கழிவிலேயே போய்ச் சேரும். இந்தப் பேதத்தை உணராமற்போனதுதான் பின்வந்த துன்பத்துக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணுக்குத் தெரிந்தது நிறம். ஆகவே முதலில் நிறத்தையே விரட்டினார்கள். கழிவுத் தொட்டியில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து கிளறினால், சற்றுநேரத்தில் கரும்பச்சைத் திப்பிகள் திரண்டு, சாயத்தைப் பற்றிக்கொண்டு அடியில் கசடாகப் படியும். மேலே நிற்கும் ஜலம் பார்வைக்குத் தெளிந்திருக்கும். நாவில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தவனுக்கல்லவா சங்கதி தெரியும்! நிறம் நீங்கிற்றேயன்றி உப்பு நீங்கவில்லை; போதாததற்குச் சுண்ணாம்பு வேறு சேர்ந்திருந்தது.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-இல் அணை எழும்பியது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளுக்குப் பாசனம் தரவேண்டுமென்பது திட்டம். தேங்கியதோ மேலே பட்டறைகள் விட்ட கழிவு. அது கிணறுகளுக்கும் ஊறி, ஆடுமாடுகளுக்குக் காட்டும் தண்ணீரும் உவர்த்துப்போகவே, ஆயக்கட்டு விவசாயிகளே மதகைத் திறக்கவேண்டாமென்று மன்றாடும் விபரீதம் நேர்ந்தது. அணைக்காகப் போராடிய ஊர்களைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறோம். அணைத் தண்ணீருக்கு அஞ்சிய ஊர் இதுவே.

விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தும், கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டலாகாதென்ற விதி எட்டாக்கனியாகவே இருந்தது. ஒரு சொட்டுக்கழிவும் ஆற்றில் விழலாகாதென்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அது நிறைவேறாமற்போகவே 2011 ஜனவரி 28-இல் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லிற்று. ஊரே ஸ்தம்பித்தது, வேலைக்கு வந்திருந்த பலர் மூட்டை கட்டினார்கள். நதிக்கு நியாயம் கிடைத்த அந்நாளில் கூலிக்காரன் வயிற்றுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் சரித்திரம் எழுதுகிறவன் மறைக்கலாகாது.

பின்பு வந்த ஏற்பாடு உப்பையே குறிவைத்தது. நுண்ணுயிர்களைக்கொண்டு அழுக்கைத் தின்னவைத்து, எஞ்சிய நிறத்தை அகற்றி, சவ்வுகளின் வழியே ஜலத்தை அழுத்திப் பிழிந்து எடுத்து மீண்டும் சாயமேற்றவே அனுப்புகிறார்கள். மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி வற்றவைத்து உப்பை மீட்கிறார்கள். மீண்ட உப்பில் சுத்தமானது திரும்பவும் சாயத்தொட்டிக்குப் போகிறது. பலவும் கலந்து அழுக்கேறிய கலப்பு உப்பை வாங்குவாரில்லை. அது மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் சேர்ந்துகொண்டிருக்கிறது. காய்ச்சுவதற்கு ஆகும் விறகும் மின்சாரமும் பட்டறைக்காரர் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன.