ஆயாவும் அமாவும்

தோட்டத்துத் துரை பங்களாவில் பிள்ளை பார்த்த நம்ம பெண்கள் ஆயா. பட்டணத்து வீடுகளில் சமைத்துத் துவைத்த சீனப் பெண்கள் அமா. இரண்டும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள். வேலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அமாமார் கதை தனி!

சீனாவின் குவாங்தோங் மாநிலத்தில் சுன்தக் வட்டாரம் பட்டு நூலுக்குப் பேர்போனது. 1930-களில் பட்டு விலை விழுந்து ஆலைகள் மூடின. மலாயாவுக்கு வரும் சீன ஆண்களின் தொகைக்கு 1933-இல் வெள்ளைக்கார அரசாங்கம் வரம்பு போட்டது. பெண்களுக்கு 1938 வரை வரம்பில்லை. ஆகவே பெண்கள் கப்பலேறினார்கள்.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கலியாணமே வேண்டாமென்று சபதம் செய்து, சடங்கோடு கொண்டை முடிந்தவர்கள் பலர். சிலர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கொங்சியாக வைத்திருப்பார்கள். முதலாளியம்மாள் வாய்க்கு வந்தபடி ஏசினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடலாம். அடுத்த வேலை கிடைக்கும்வரை படுக்க இடமுண்டு.

நம்ம ஆயாவுக்கு அது ஏது? அவள் புருஷனும் அதே துரையின் கீழ் பால்மரம் வெட்டியவன். லயத்து வீடும் துரையுடையது. எதிர்த்துப் பேச முடியுமா? பிள்ளைகளே, உங்கள் பாட்டிமாரில் பங்களாவில் வேலை பார்த்தவர் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். நம் ஆயாமாரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரர்களுக்கு வார ஓய்வு நாளையும் பிரசவ விடுப்பையும் தரவில்லை. 2023 ஜனவரியில் 'வேலைக்காரர்' என்ற சொல் மட்டும் 'பணியாளர்' என்று மாறியது. அந்த விலக்குகள் போகவில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே 2013-இல்தான் வந்தது.