கேமரா நின்ற உயரம்: கோவில்பட்டி முதல் சிவகாசி வரை

ஒருவரைப் படம் எடுக்கும்போது கேமராவை எந்த உயரத்தில் வைப்பது? ரசனை சார்ந்த விஷயம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் பழைய நாட்களில் அதைப் பாதி முடிவு செய்தது கருவிதான்.

முதலில் ஸ்டாண்டில் நின்ற பெரிய பிளேட் கேமரா. போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். எதிரில் இருப்பவர் அசையாமல் நேராகப் பார்க்க வேண்டும். 1929-ல் ஜெர்மனியில் ரோலிஃபிளெக்ஸ் வந்தது. அதைக் குனிந்து, மேலிருந்து பார்க்க வேண்டும். அதனால் லென்ஸ் வயிற்றுக்கு நேரே வந்துவிடும், எதிரில் நிற்பவர் சற்று நிமிர்ந்து உயரமாகத் தெரிவார். நேருவைப் பலமுறை படம் எடுத்த ஹோமாய் வியாரவல்லாவும் (1913-2012) ரோலிஃபிளெக்ஸ் வைத்திருந்தவர். அந்தக் காலத் தலைவர்களின் படங்களில் தெரியும் கம்பீரத்தில் இந்த வயிற்று உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு!

கரிசல் பூமிக்கு வருவோம். கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898-1976) நாடகத்துக்குத் திரை வரைந்தவர், பிறகு போட்டோ ஸ்டூடியோ வைத்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. அந்த சாமிகள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்புவதில்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்தவரைப் போலவே நேராக நம்மைப் பார்க்கின்றன. கும்பிடுபவருக்கு அந்தப் பார்வைதானே முக்கியம்? (காலண்டரின் அடியில் ஜவுளிக்கடை பெயர் இருக்கும். சாமி பார்க்கும் வீட்டில் வருஷம் முழுக்கக் கடைக்கு விளம்பரம். நல்ல வியாபார மூளை.)

ஆனால் அதே சிவகாசியில் எல்லோரும் இப்படி நேருக்கு நேர் படமாகவில்லை.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டி ஒட்டுவது தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. பின்னாளில் அங்கே குழந்தைகளும் உட்கார்ந்தார்கள். நின்றபடி ஒரு பெரியவர் கேமராவை அமுக்கினால் என்ன விழும்? உச்சந்தலை, விரல்கள், பெட்டிக் குவியல். முகம் விழாது. முகம் வேண்டுமென்றால் எடுப்பவரும் தரையில் உட்கார வேண்டும்.

அமெரிக்காவில் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்த லூயிஸ் ஹைன் இதை நன்றாக அறிந்தவர். அவருடைய படங்கள் பலவற்றில் கேமரா குழந்தையின் கண் உயரத்துக்கே இறங்கியிருக்கும். தன் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்துக்கொண்டு, முதலாளிக்குத் தெரியாமல் குழந்தையின் உயரத்தைக் குறித்துக்கொள்வாராம்.

சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி 1990-ல் சலம் பென்னூர்க்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், ஆபத்தான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இப்போது ஒரு விசித்திரம். 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி, சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்யும் குழந்தையின் முகத்தை அடையாளம் தெரியும்படி ஊடகங்களில் வெளியிடக் கூடாது. குழந்தையின் பாதுகாப்புக்கு அது தேவைதான். அதனால் இன்று எடுப்பவர் எழுந்து, குழந்தையின் முதுகுப் பக்கம் போய் நிற்கிறார். படத்தில் மறுபடியும் உச்சந்தலையும் விரல்களும்.