கட் என்றால் வெட்டு

என் வேலையில் 'கட்' என்பது மண்ணின் கன அளவு. மேட்டிலிருந்து எடுப்பது கட், பள்ளத்தில் கொட்டுவது ஃபில். இரண்டும் ஒத்துவந்தால் லாரிச் செலவு மிச்சம். போன வருஷம் ஒரு வீடமைப்புத் திட்ட வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். பாட்டி எட்டிப் பார்த்து, சிவப்படித்த இடம் என்னவென்று கேட்டார்.

"கட், பாட்டி. வெட்டுற எடம்."

"தோட்டத்துல வெட்டாத எடம் எதுய்யா?"

அந்த நிலம் பழைய ரப்பர் தோட்டம். பாட்டியும் வேறொரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் 'மரம் வெட்டியவர்'. தமிழ்நாட்டு நண்பரிடம் இதைச் சொன்னால் கோடரி தூக்கியவர் என்று நினைப்பார். அங்கே மரம் வெட்டினால் மரம் போய்விடும். நம்மூர்த் தோட்டத் தமிழிலோ மறுநாளும் வெட்டுவதற்காக மரத்தை உயிரோடு வைத்திருப்பதுதான் வெட்டு. ஆங்கிலத்திலும் பட்டையில் விழும் அந்தச் சாய்ந்த கோட்டுக்குப் பேர் 'டேப்பிங் கட்'. செய்யும் வேலையைப் பார்த்தால் 'சீவுதல்' என்பதே பொருத்தம்.

வெட்டு சீவலாக மாறியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் பட்டையைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும். 1877இல் 22 கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, 1890களில் வேறு வழி கண்டார். புதிது புதிதாகக் கொத்த வேண்டாம். பழைய காயத்தின் விளிம்பையே மெல்லியதாகச் சீவினால் போதும், பாலும் கூடுதலாக வரும். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டே திரிந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் வாங்கியவர் அவர்.

ஒரு சீவலின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பால்குழாய்கள் பட்டையில்தான் ஓடுகின்றன. அதற்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. இடமேலிருந்து வலக்கீழாக, விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், நாளுக்கு நானூறு ஐந்நூறு மரம். நாங்கள் இயந்திரத்துக்கு எழுதித் தருகிற அளவுத் துல்லியத்தைப் பள்ளிக்கூடமே பார்க்காத கை பிடித்திருக்கிறது. இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

'கட்' அதோடு நிற்கவில்லை. ரப்பர் விலை சரிந்தபோது கூலியிலும் விழுந்தது. 1930இல் ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 40 ஆனது, பெண்களுடையது 40இலிருந்து 32. ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். விலை மீண்டு கூலி பழைய இடத்துக்கு வந்ததும், 1938இல் மறுபடி ஒரு வெட்டு: ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 35. ஆளுக்கு ஐந்து காசுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆணுக்குப் பத்து விழுக்காடு, பெண்ணுக்குப் பன்னிரண்டரை. மரம் ஒன்று, கத்தி ஒன்று. அதே ஆண்டு ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது.

இவற்றையெல்லாம் வாசித்த பிறகுதான் பாட்டியைத் திட்ட இடத்துக்குக் கூட்டிப்போனேன். இயந்திரங்கள் வந்திருந்தன. எல்லைக்கல் ஓரத்தில் மட்டும் ஏழெட்டு மரம் மிச்சம். பாட்டி ஒன்றின் பட்டையைத் தடவினார். கீழ்ப்பகுதி வழுவழுப்பாக இருந்தது; தோளுயரத்தில் வரிசையாக முண்டுகள்.

"கீழ வெட்டுனது நல்ல கை," என்றார். "மேல யாரோ புது ஆளு. கட்டைய தொட்டுட்டான்."

அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். வரைபடத்தில் அந்த ஓரமும் சிவப்புதான். நான் சொல்லவில்லை.