கேட்காமல் வந்த ஓ.டி.

நான் 2009-ல் கோவையிலிருந்து புனே வந்தவன். முதல் வேலைக்குத் திறந்த சம்பளக் கணக்கை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன். 2012-ல் ஊருக்குப் போனபோது பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், இருப்பு மைனஸ் ஆயிரத்துச் சொச்சம்! சம்பளம் நின்றதும் அது சாதாரண சேமிப்புக் கணக்காகி, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "கேட்காமலே உனக்கு ஓ.டி. குடுத்துட்டானாடா?" என்று சிரித்தார். கடை நடத்தியவர். ஓ.டி. என்பது அவருக்கு மரியாதைக்குரிய சமாச்சாரம்.

அவர் நினைத்தது சரிதான். ஓவர்டிராஃப்ட், அதாவது மிகைப்பற்று, மரியாதையில்தான் பிறந்தது. 1728-ல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்ற வணிகருக்கு, கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்டு அதிகமாக எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அனுமதி கொடுத்தது. சரக்குக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், விற்ற பணம் இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாக் கடைக்காரருக்கும் உள்ள அதே பாடுதான். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. நம்மூர் வங்கிகள் வியாபாரிகளுக்குத் தரும் கேஷ் கிரெடிட்டும் இதே முறைதான்.

இந்த மரியாதை அபராதமாக மாறிய கதை அமெரிக்காவில் நடந்தது. கணக்கில் காசில்லாமல் டெபிட் கார்டைத் தேய்த்தாலும் வங்கி தடுக்காது. பணத்தைக் கொடுத்துவிட்டு, 35 டாலர் அளவுக்குக் கட்டணம் போடும். ஐந்து டாலர் காபிக்கும் அதே 35 தான்! 2010-லிருந்து ஏ.டி.எம்., டெபிட் கார்டு செலவுகளுக்கு வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி வந்தது. பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் வரம்பு வைக்க 2024 டிசம்பரில் ஒரு விதி போட்டார்கள். அது அமலுக்கு வருமுன்பே 2025-ல் நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்றால், அந்தச் சம்மதக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

நம் நாட்டில் காசில்லாவிட்டால் கார்டு வேலை செய்யாது, அவ்வளவுதான். ஆனால் பல வங்கிகள் அப்படி மறுக்கப்பட்ட ஏ.டி.எம். முயற்சிக்கே கட்டணம் போடுகின்றன. இ.எம்.ஐ. திரும்பினால் அதற்குத் தனி. இன்னொரு பக்கம், 2014-ல் தொடங்கிய ஜன்தன் கணக்குகளில் ஏழைகளுக்கும் 5,000 ரூபாய் வரை ஓ.டி. என்றார்கள். 2018-ல் அதை 10,000 ஆக்கினார்கள். வில்லியம் ஹாக்குக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம் கீழேயும் இறங்கி வந்தது என்று சொல்லலாம்.

என் மைனஸ் கதைக்கும் முடிவு வந்தது. மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2015 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. எனக்கு மூன்று வருஷம் தாமதம். பணத்தைக் கட்டி கணக்கை மூடிவிட்டுத்தான் வந்தேன். :-)

ஆனால் இருப்பு பூஜ்யம் ஆகும்வரை இன்றும் பல வங்கிகளில் கழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஊர் மாறும்போது கேஸ் கனெக்‌ஷனை மாற்றுகிறோம், பிள்ளைக்கு டி.சி. வாங்குகிறோம். அந்தப் பட்டியலில் பழைய சம்பளக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களில் எத்தனை பேருக்கு ஊரில் அப்படி ஒரு கணக்கு தூங்குகிறது?