நண்பர் கேட்டும் அசையாத காந்தி

1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனப் பிரிவினையை எதிர்த்து ஐ.நா.வில் இந்தியா வாக்களித்தது. அதற்குள் நுழையுமுன் ஒரு மனிதரைப் பார்த்தே ஆக வேண்டும்: காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக்.

1871இல் லிதுவேனியாவில் பிறந்த யூதர். ஜோகன்னஸ்பர்க்கில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர். 1910இல் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்க வாடகையின்றிக் கொடுத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அவரும் அங்கே குடியேறினார். துறவிகள் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்கே சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பண்ணையில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள்தான் 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள். அதே போராட்டத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்தார். காலன்பாக்கும் சிறை புகுந்தார். வள்ளியம்மையைக் கொண்டாடும் நம் டெல்டா இவரையும் நினைக்க வேண்டும்.

1914இல் காந்தியோடு கப்பலேறினார். லண்டனை அடையுமுன் போர் மூண்டது. ஜெர்மன் குடிமகன் என்று பிரிட்டிஷ் அரசு அவரைச் சிறைவைத்தது. நண்பர்கள் மறுபடி சந்தித்தது 1937 மே மாதம். யூத முகமையின் மோஷே ஷெர்ட்டோக் கேட்டுக்கொண்டதால், யூதத் தாயகத்துக்குக் காந்தியின் ஆதரவைப் பெறவே வந்திருந்தார்.

காந்தி பொறுமையாகக் கேட்டார். ஆனால் 1938 நவம்பர் 26 'ஹரிஜன்' இதழில், யூதர்களின் துயரத்துக்கு உருகிய அதே கட்டுரையில், பாலஸ்தீனம் அரபுகளுடையது என்றும் பிரிட்டிஷ் துப்பாக்கியின் துணையோடு அங்கே நுழைவது தவறு என்றும் எழுதினார். என் கணக்கில் வில்லன் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர்தான். 1917இல் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமலே யூதத் தாயகத்துக்கு வாக்குறுதி கொடுத்தவர் அவர். பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பம் பாலஸ்தீனத்தின் ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கு நிலத்தை யூத அமைப்புகளுக்கு விற்றபோது, உழுதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெளியூரில் இருக்கும் மிராசுதாரின் ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்த பட்டுக்கோட்டைக் குத்தகைக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வலி விளங்கும்.

அதே கட்டுரையில் ஜெர்மானிய யூதர்களுக்குச் சத்தியாகிரகத்தைக் காந்தி பரிந்துரைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹிட்லர், தென்னாப்பிரிக்காவில் காந்தி எதிர்கொண்ட ஸ்மட்ஸ் அல்ல. யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் 1939இல் எழுதிய மறுப்புக் கடிதத்தில் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நட்பு முறியவில்லை. காலன்பாக் 1939இல் மீண்டும் வந்தார். 1945இல் மறைந்தார், அஸ்தி பாலஸ்தீனத்தின் டெகானியாவில் அடக்கமானது. உயிர் நண்பனுக்காகக்கூடக் கொள்கையை வளைக்காத காந்தியும், அதற்காகக் கோபிக்காத காலன்பாக்கும் எனக்குச் சம உயரத்தில் நிற்கிறார்கள்.

பாலஸ்தீனத்துக்கான ஐ.நா. குழுவில் இந்தியாவுக்காக அமர்ந்த நீதிபதி அப்துர் ரஹ்மான், ஈரான், யூகோஸ்லாவியாவோடு சேர்ந்து கூட்டாட்சித் திட்டத்தை முன்வைத்ததும், அது தோற்றதும் அடுத்த வாரம்.