கொண்டச்சி முகாமும் வைத்திய நிருவாகத் தலைமையும்

இலங்கையின் வைத்திய வரலாறு பெரும்பாலும் வைத்தியசாலைகளின் வரலாறாகவும் பெயர்பெற்ற வைத்தியர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வைத்தியசாலைகளை நடத்தியவர் யாவர், நடத்துதற்குரிய பயிற்சியை அவர்கள் எங்கே பெற்றனர் என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. நோயை அறிந்து மருந்து கொடுப்பது ஒருவகை ஆற்றல். ஆளணி, பணம், பண்டம், நீர், காலம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி ஓர் ஊரையே நோயினின்று காப்பது பிறிதொரு வகை ஆற்றல். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைதல் வேண்டும் என்ற கருத்து நம் நாட்டில் உருவான வரலாற்றை மன்னாரின் தென்கரையிலுள்ள கொண்டச்சியிலிருந்து தொடங்கி நோக்குவது பொருத்தமாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அரிப்பும் சிலாவத்துறையும் கொண்டச்சியும் ஒன்றையடுத்தொன்றாக அமைந்துள்ளன. இக்கரைக்கு எதிரேயுள்ள கடலிலேதான் புகழ்பெற்ற முத்துப்பார்கள் இருந்தன. ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே தமக்கென ஒரு மாளிகையைக் கட்டுவித்தமையே இக்கரையின் வருமானம் எத்துணை மதிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகும். 1803இல் வெளியான றொபேட் பேர்சிவலின் நூலும், 1807இல் வெளியான ஜேம்ஸ் கோர்டினரின் நூலும் அக்காலக் குளிப்பை விரிவாக வருணிக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் முட்புதரும் மட்டுமே காணப்பட்ட கொண்டச்சிக் குடாவில், குளிப்புக் காலம் வந்ததும் ஓலைக் குடிசைகளாலான ஒரு நகரம் எழுந்தது. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலையாளக் கரை முதலிய இடங்களிலிருந்து குளிகாரரும் சம்மாட்டிமாரும் வணிகரும் வந்து கூடினர். இரவில் பீரங்கி ஒலி கேட்டதும் தோணிகள் புறப்பட்டன. மறுநாள் கடற்காற்றோடு கரை திரும்பின.

இந்நகரின் செல்வம் எதிலிருந்து பிறந்ததோ அதிலிருந்தே அதன் நோயும் பிறந்தது. முத்துச் சிப்பியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது எளிதன்று. ஆதலால் சிப்பிகளை வேலியடைத்த கொட்டுகளிலே குவித்து, வெயிலில் அழுக விட்டு, ஈக்களும் புழுக்களும் தசையைத் தின்றபின் எஞ்சியதைக் கழுவி முத்தை எடுப்பதே வழக்கம். கோடிக்கணக்கான சிப்பிகள் ஒரே நேரத்தில் அழுகும் கரையிலே பல்லாயிரம் மக்கள் சமைத்தும் உண்டும் உறங்கியும் வாழ்ந்தனர். நன்னீரோ அங்கு அரிது. 1817இல் வங்காளத்திலே பெருங்கொள்ளையாகக் கிளம்பிய வாந்திபேதி அடுத்த சில ஆண்டுகளுக்குள் இலங்கையையும் அடைந்தது. அதன்பின் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த ஒவ்வொரு தோணியும் ஆட்களோடு நோயையும் ஏற்றி வரக்கூடும் என்ற அச்சம் முகாமை விட்டு நீங்கவில்லை.

இத்தகைய இடத்தில் வைத்தியரின் கடமை யாது? வாந்திபேதி கண்டவருக்கு அக்காலத்தில் அவர் அளிக்கக்கூடிய மருந்து மிகச் சொற்பமே. உண்மையில் உயிர்களைக் காக்கக்கூடியவை வேறு: குடிநீர்க் கிணறுகளுக்குக் காவலிடுதல், மலகூடங்களைக் குடியிருப்பினின்று விலக்கி அமைத்தல், கொட்டுகளைக் காற்று வீசும் திசையறிந்து ஒதுக்குதல், வந்திறங்குவோரைப் பரிசோதித்தல், நோயாளரைத் தனிப்படுத்துதல், இறந்தோரை உடனே அடக்கஞ் செய்தல். இவையாவும் மருந்துப் பெட்டிக்குள் அடங்காதவை. ஆட்களை ஏவவும், பணத்தைச் செலவிடவும், வேண்டுமாயின் குளிப்பையே நிறுத்தவும் அதிகாரமுள்ள ஒருவராலேயே செய்யத்தக்கவை. அந்த அதிகாரம் அரசாங்க அதிபரிடமும் குளிப்பு மேற்பார்வையாளரிடமும் இருந்தது. வைத்தியர் ஆலோசனை கூறுபவராகவே நின்றார். குளிப்பை ஒருநாள் முன்னதாக நிறுத்தினால் அரசிறைக்கு நட்டம். ஒருநாள் பிந்தி நிறுத்தினால் உயிருக்கு நட்டம். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் வைத்தியர் கையில் இருக்கவில்லை.

இதனைக்கொண்டு நிருவாகிகள் யாவரும் இரக்கமற்றோர் என முடிவு கட்டுதல் தவறு. 1869 முதல் 1896 வரை வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த சேர் வில்லியம் துவைனம் இக்கடலையும் இம்மக்களையும் நீண்டகாலப் பழக்கத்தால் நன்கறிந்தவர். அனுபவம் மிக்க ஒரு நிருவாகி, அனுபவமற்ற ஒரு வைத்தியரிலும் சிறப்பாக ஒரு முகாமை நடத்தக்கூடும் என்பதை மறுக்க இயலாது. 1905ஆம் ஆண்டுப் பெருங்குளிப்பு கொண்டச்சிக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடந்தபோது, அம்முகாமில் நீதிமன்றம், பொலிஸ் நிலையம், தபாற் கந்தோர் என்பவற்றோடு வைத்தியசாலையும் இடம்பெற்றிருந்தது. அவ்வாண்டில் அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. வைத்தியசாலையின்றி அவ்வருமானம் நிலைக்காது என்பதை அரசு கற்றுக்கொண்டிருந்தது. எனினும் வைத்தியருக்கு நிருவாகம் கற்பிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் தோன்றவில்லை.

வைத்தியக் கல்வியின் தொடக்கமே இக்கரையை அடுத்த வன்னியோடு தொடர்புடையது என்பது குறிப்பிடத்தக்கது. வன்னிக் கிராமங்கள் பறங்கி வியாதியாலும் பிற நோய்களாலும் குடியற்றுப் போவதை ஆராயுமாறு தேசாதிபதி சேர் ஹெர்குலிஸ் றொபின்சன், வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் என்பவரைப் பணித்தார். 1868இல் அவர் அளித்த அறிக்கை, உள்நாட்டவரை வைத்தியராகப் பயிற்ற வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தியது. 1870இல் கொழும்பு வைத்தியப் பாடசாலை மூன்றாண்டுப் பாடநெறியோடு திறக்கப்பட்டபோது லூஸ் அவர்களே அதன் முதல் அதிபரானார். ஒரு வரண்ட பிரதேசத்தின் துயரம் ஒரு கல்விக்கூடத்தைத் தோற்றுவித்தது எனலாம்.

இதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் மாணவரைப் பயிற்றத் தொடங்கியிருந்தார். பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் தமிழ் நூல்களையும் வெளியிட்டார். பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடாது கிராமங்களிலே தங்கிப் பணிபுரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். மக்களின் மொழியிலே மக்களை வழிநடத்தத்தக்க வைத்தியர் அவர் கருத்தில் இருந்தார். தலைமைக்கு வேண்டிய பண்புகளுள் இது முதன்மையானது. ஆயினும் அவரது பாடத்திட்டமும் சரி, கொழும்பினதும் சரி, முதன்மையாக உடலையும் நோயையும் மருந்தையும் பற்றியனவே.

இதன் விளைவை ஒதுக்குப்புற நிலையங்களில் நியமனம் பெற்ற வைத்தியர்கள் அனுபவித்தனர். பட்டம் பெற்றுச் சில காலத்துள் தனியொருவராய் ஒரு சிறிய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர், அங்கே நோயாளரைப் பார்ப்பதோடு மருந்துக் களஞ்சியத்துக்கும், ஊழியரின் பிணக்குகளுக்கும், கணக்கறிக்கைகளுக்கும், நீதிமன்றத்துக்கான பிரேத பரிசோதனைக்கும் பொறுப்பாளியானார். அவர் தலைவராகவே இருந்தார்; தலைவராகப் பயிற்றப்படவில்லை. தவறியே கற்றார். அத்தவறுகளின் விலையை நோயாளர் செலுத்தினர்.

மாற்றம் 1926இல் களுத்துறையில் தொடங்கியது. றொக்பெலர் மன்றத்தின் உதவியோடு அங்கு நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதியில், ஒரு வரையறுக்கப்பட்ட பிரதேசத்தின் நலம் முழுவதும் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரின் பொறுப்பாயிற்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தாதியரும் மருத்துவ மாதரும் அவரது வழிகாட்டலிற் பணிபுரிந்தனர். பிறப்பு, இறப்பு, தொற்றுநோய் விவரங்களைக் கொண்டு திட்டமிடுவது அவரது நாளாந்தக் கடமையானது. கொண்டச்சி முகாமிலே ஆலோசகராய் நின்ற வைத்தியர் இங்கே ஆணையிடுபவராய் உயர்ந்தார். இம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது.

உலகளாவிய நிலையில் நோக்கின், 1889இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் உருப்பெற்ற வதிவிடப் பயிற்சி முறை, இளம் வைத்தியர் வைத்தியசாலையிலேயே தங்கி, படிப்படியாகப் பொறுப்பேற்றுக் கற்கும் வழியை வகுத்தது. ஆனால் அங்கும் பொறுப்பென்பது நோயாளியின் படுக்கையோடு முடிந்தது. வைத்தியசாலையை ஆளுதல் ஒரு தனிக்கல்வி என்ற உணர்வு இருபதாம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. இலங்கையில் 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அமைந்தபின், வைத்திய நிருவாகமும் பட்டப்பின் பயிற்சிக்குரிய ஒரு துறையாக வளர்ந்து, முதுமாணி, கலாநிதி நிலைகளில் கற்பிக்கப்படுகின்றது.

வைத்தியரின் காலம் நோயாளிக்கே உரியது. நிருவாகத்தை நிருவாகிகளிடம் விடுதலே தக்கது என வாதிடுவோர் உளர். நன்கு பயின்ற ஒரு சத்திரசிகிச்சையாளர் கோப்புகளுக்குள் மூழ்குவது இழப்பே என்ற அளவில் அவ்வாதத்திற் பொருளுண்டு. எனினும் கொண்டச்சியின் வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகின்றது. அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருக்கையில், இவ்விரண்டுக்கும் இடையே கழியும் நாட்களே கொள்ளைநோய்க்குப் போதுமானவை. எல்லா வைத்தியரும் நிருவாகியாக வேண்டியதில்லை. நிருவாகியாகும் வைத்தியர் அதற்கெனப் பயின்றவராக இருத்தல் வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே ஒவ்வொரு வைத்தியரும் அதன் அடிப்படைகளையேனும் அறிதல் வேண்டும்.

இத்தேவை முற்காலத்தோடு ஒழிந்ததன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கொண்டச்சியை உள்ளடக்கிய முசலிப் பகுதியின் ஊர்கள் பல வெறிச்சோடின. 2009இல் போர் முடிந்தபின் மக்கள் மீளத் திரும்பிய ஊர்களில் கிணறும் பாதையும் போலவே சுகாதார சேவையும் அடியிலிருந்து கட்டியெழுப்பப்பட வேண்டியதாயிற்று. அத்தகைய இடத்துக்குச் செல்லும் இளம் வைத்தியர், பழைய முகாமின் வைத்தியர் எதிர்கொண்ட அதே வினாக்களையே எதிர்கொள்கின்றார்: நீர் எங்கிருந்து வரும், ஆட்கள் எத்தனைபேர், பணத்தை எதற்கு முதலிற் செலவிடுவது? அவ்வினாக்களுக்கு விடைகாணும் பயிற்சியோடு அவரை அனுப்புதல், இக்கரையிலே பெயரின்றி அடக்கஞ் செய்யப்பட்ட குளிகாரருக்கு நம் கல்விக்கூடங்கள் செலுத்தவேண்டிய கடனாகும்.