ஜெஞ்சாரோம் கற்றுத் தந்த வாணிபப் பாடம்: திறந்த சந்தைக்கும் காவல் தேவை

கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங் நகருக்கு அருகே உள்ளது ஜெஞ்சாரோம். நடுவில் அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். சீனப் புத்தாண்டின்போது இங்குள்ள டோங் சென் பௌத்த ஆலயத்தின் விளக்கு அலங்காரத்தைக் காண கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் திரண்டு வருவார்கள்.

2018-இல் இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டதற்குக் காரணம் வேறு. செம்பனை மரங்களுக்கு நடுவே முளைத்த சட்டவிரோத ஆலைகளில் வெளிநாட்டு நெகிழிக் குப்பைகள் குவிந்தன. உருக்க முடியாத குப்பை இரவில் எரிக்கப்பட்டது. வீட்டுக்குள் புகுந்த புகை நாற்றமும், இருமலும், மூச்சுத் திணறலும் குடியிருப்பாளர்களின் அன்றாடப் புகார்களாயின.

இதைச் சுற்றுச்சூழல் விவகாரம் என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அந்தக் குப்பை கொள்கலன்களில், கப்பல்களில், முறையாகத் துறைமுகம் வழியாகவே வந்தது. ஆகவே இது நாட்டின் வாணிபக் கொள்கை பற்றிய கதையும் ஆகும்.

திறந்த பொருளாதாரம் என்றால் என்ன?

மலேசியா வெளிநாட்டு வாணிபத்தை நம்பி வாழும் நாடு. 2024-இல் நாட்டின் மொத்த ஏற்றுமதி இறக்குமதி மதிப்பு ஏறக்குறைய 2.88 டிரில்லியன் ரிங்கிட். இது நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியைவிட அதிகம். அந்த உற்பத்தியில் பாதிக்கும் மேல் சேவைத் துறையிலிருந்து வருகிறது. வங்கி, காப்புறுதி, சுற்றுலா, சில்லறை வணிகம், போக்குவரத்து, கிடங்கு எல்லாம் இதில் அடங்கும்.

கிள்ளான் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கிள்ளான் துறைமுகம் 2024-இல் 20 அடி கொள்கலன் அளவில் 1 கோடியே 46 லட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. லோரி ஓட்டுநர், கிடங்குப் பணியாளர், சுங்கப் பத்திரம் தயாரிக்கும் முகவர் எனப் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு இதனால் எரிகிறது.

கதவு திறந்திருப்பதால் விதி இல்லை என்று பொருளல்ல. ஹாங்காங் இறக்குமதித் தீர்வையே விதிப்பதில்லை. ஆனாலும் மது, புகையிலை, எரிபொருள் மீது கலால் வரி உண்டு. கழிவு இறக்குமதிக்குத் தனிச் சட்டம் உண்டு. திறந்த பொருளாதாரத்தில் தீர்வை குறையக் குறைய, உரிமம், பெர்மிட், தரச் சான்றிதழ் ஆகியவையே உண்மையான வாயிற்காவலர்களாகின்றன.

ஜெனீவாவில் நடக்கும் மீளாய்வு

ஒவ்வொரு நாட்டின் வாணிபக் கொள்கையையும் உலக வாணிப அமைப்பு குறிப்பிட்ட கால இடைவெளியில் மீளாய்வு செய்கிறது. பெரிய வாணிப நாடுகள் நான்குக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அடுத்த 16 நாடுகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2019-க்கு முன் இந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஓராண்டு குறைவாக இருந்தது.

மீளாய்வுக்கு உள்ளாகும் அரசு ஓர் அறிக்கை தரும். அமைப்பின் செயலகம் தனியாக ஓர் அறிக்கை தயாரிக்கும். மற்ற உறுப்பு நாடுகள் கேள்வி கேட்கும். அரசு பதில் சொல்ல வேண்டும். தண்டனை எதுவும் கிடையாது. வெளிப்படைத்தன்மையே நோக்கம். அறிக்கைகள் பொதுமக்களும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன.

மலேசியாவின் மீளாய்வு 2018 பிப்ரவரியில் நடந்தது. ஜெஞ்சாரோமைச் சுற்றிக் குப்பை குவியத் தொடங்கிய காலமும் அதுவே.

குப்பை எப்படி வந்தது?

உலக நாடுகள் தங்கள் நெகிழிக் கழிவில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகச் சீனாவுக்கு அனுப்பி வந்தன. 2017 ஜூலையில், 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியைத் தடை செய்யப் போவதாக உலக வாணிப அமைப்பிடம் சீனா முறைப்படி அறிவித்தது. 2018 தொடக்கத்தில் தடை நடப்புக்கு வந்தது. வழி அடைபட்ட குப்பை, திறந்திருந்த வேறு துறைமுகங்களைத் தேடியது. 2018-இல் மட்டும் மலேசியா இறக்குமதி செய்த நெகிழிக் கழிவு 8 லட்சம் டன்னைத் தாண்டியது.

சீனாவின் அறிவிப்பு இரகசியமல்ல. தயாராவதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தது. ஆயினும் காவல் தளர்ந்திருந்ததற்கு இரு காரணங்களைக் காணலாம்.

முதலாவது, குறியீடு. நெகிழிக் கழிவுக்கான சுங்கக் குறியீடு 3915. இதற்கு ‘ஏபி’ எனப்படும் இறக்குமதி பெர்மிட் தேவை. 3920 என்பது தூய்மையான நெகிழித் தகடுகளுக்கான குறியீடு. அதற்கு ஏபி தேவையில்லை. சிலர் குப்பையை 3920 என்று பொய்யாக அறிவித்துக் கொண்டுவந்தனர். நான்கு இலக்கக் குறியீட்டை மாற்றி எழுதியதில் ஓர் ஊரின் காற்று கெட்டது.

இரண்டாவது, அதிகாரம் பிரிந்து கிடப்பது. சுங்கம், ஏபி, சுற்றுச்சூழல் சட்டம் ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் பொறுப்பு. வணிக உரிமம் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. விவசாய நிலத்தில் உரிமமின்றி ஆலை நடத்துபவர் மூன்று தரப்பின் இடைவெளிக்குள்ளும் ஒளிந்துகொள்ள முடிந்தது.

மக்கள் செய்த மீளாய்வு

ஜெஞ்சாரோம் குடியிருப்பாளர்கள் ஆலைகளைத் தேடிக் கண்டுபிடித்து, படம் எடுத்து, புகார்மேல் புகார் கொடுத்தனர். 2018 ஜூலையில் 114 நிறுவனங்களின் ஏபி மூன்று மாதங்களுக்கு முடக்கப்பட்டது. கோல லங்காட்டில் 33 சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன. அவை விட்டுச் சென்ற குப்பை சுமார் 17,000 டன்.

2019 மே மாதம் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, அவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்படும் என்றார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் திரும்பிச் சென்றன.

சட்டமும் இறுகியது. அபாயகரமான கழிவுகள் பற்றிய பாசல் உடன்படிக்கை 2019-இல் திருத்தப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் கலப்பு நெகிழிக் கழிவையும் கட்டுப்படுத்தியது. பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இன்றி அதை அனுப்பக் கூடாது. 2025 ஜூலை 1 முதல் மலேசியா மேலும் ஒரு படி சென்றது. பாசல் உறுப்பு நாடுகளிலிருந்து, சிரிம் ஒப்புதலுடன் மட்டுமே நெகிழிக் கழிவு வரலாம். அமெரிக்கா உறுப்பினராகாததால் அங்கிருந்து வரும் வழி அடைபட்டது.

இது வாணிப விதிகளுக்கு முரணானதா? இல்லை. மனிதர், விலங்கு, தாவரங்களின் உயிரையும் நலத்தையும் காக்கத் தேவையான கட்டுப்பாடுகளை, பாரபட்சமின்றி விதிக்கப்பட்டால், உலக வாணிப விதிகளே அனுமதிக்கின்றன.

தோட்டப்புறத்தாருக்கு இதில் என்ன?

நேர்மையாக நடக்கும் மறுசுழற்சி ஆலைகள் வேலை தருகின்றன. அவற்றை மூட வேண்டும் என்பது வாதமல்ல. ஆனால் மலிவான, ஒதுக்குப்புறமான நிலத்தைத் தேடுபவர்கள் முதலில் வருவது தோட்டங்களுக்கு அருகில்தான். ஓரிடத்தில் விரட்டினால் இன்னோரிடத்துக்குப் போவார்கள். ஜெஞ்சாரோமில் கதவு அடைக்கப்பட்ட பின், கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி வட்டாரத்திலும் இதே புகார் எழுந்தது.

ஆகவே சந்தேகம் எழும்போது கவனிக்க வேண்டியவை சில. இரவில் மட்டும் வந்து போகும் கொள்கலன் லோரிகள், உயரமான தகரவேலி, பெயர்ப்பலகை இல்லாத கொட்டகை, நெகிழி எரியும் நாற்றம். தேதி, நேரம், இடம், லோரி எண், படம் ஆகியவற்றுடன் புகார் எழுத வேண்டும். புகைக்கும் கழிவுக்கும் சுற்றுச்சூழல் துறை, உரிமத்துக்கு ஊராட்சி மன்றம், நிலப் பயன்பாட்டுக்கு மாவட்ட நில அலுவலகம் என மூன்று இடத்திலும் கொடுத்தால், ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடமிருக்காது. 2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் சில குற்றங்களுக்கு உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தியுள்ளதால், புகாருக்கு இப்போது முன்னைவிட வலு உண்டு.

ஒரு நாடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஜெனீவா அறிக்கைகள் கணக்கிட்டுச் சொல்லும். அந்தத் திறப்பின் பலனும் பாரமும் யார் வீட்டு வாசலில் வந்து விழுகிறது என்பதை ஜெஞ்சாரோம் போன்ற ஊர்களே சொல்ல முடியும். இரண்டு கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் மீளாய்வு முழுமையாகும்.